வெயில் சுடுவது எல்லோரையும். உடை விதி மட்டும் ஏன் இரண்டு?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உத்தியோக உடை. "ஊரில் எத்தனையோ கஷ்டம் இருக்க, துணியைப்பற்றிப் பேசவா ஒரு கூட்டம்?" என்று சிலர் நினைக்கக்கூடும். வெயிலில் பாடுபடுகிறவனுக்கும் பாடுபடுகிறவளுக்கும் துணி ஒரு சிறு விஷயம் அல்ல. காலை முதல் மாலை வரை உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அதை யார் தீர்மானிக்கிறார்கள், எந்தக் காரணத்துக்காகத் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

முதலில் நம் காவேரிப் பாசனச் சீமையையே பாருங்கள். நடவு நடும் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள்? புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார்கள். இதற்கு எந்தச் சர்க்கார் உத்தரவு போட்டது? எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஒன்றுமில்லை. வெயில் கையைச் சுடுகிறது, நாற்று அறுக்கிறது, ஆகவே சட்டை. மண்டை காய்கிறது, ஆகவே துண்டு. வேலை செய்கிறவளே யோசித்துக் கண்டுபிடித்த உடை அது. ஆண் சட்டையைப் பெண் போட்டதனால் தமிழ்ப் பண்பாடு முழுகிவிட்டது என்று எந்தப் பண்டிதரும் வரப்பில் வந்து நின்று அழுததாகத் தெரியவில்லை.

அதே தாயின் மகள் படித்து ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாகப் போகிறாள். அங்கே என்ன விதி? ஆறு கஜப் புடவை, உள்பாவாடை, ரவிக்கை. அது போதாதென்று பல பள்ளிகளில் அதற்குமேல் பொத்தான் போட்ட ஒரு கோட்டு. சித்திரை, வைகாசி வெயிலிலும் அதே கோட்டுதான். "ஏன் ஐயா?" என்று கேட்டால், "கண்ணியம்" என்கிறார்கள். யாருடைய கண்ணியம்? பார்க்கிற ஆணின் கண் கெட்டுவிடும் என்பதுதானே உட்பொருள்? கண் கெட்டுப் போகிறவன் ஒருவன், அதற்காக வெந்து போகிறவள் மற்றொருத்தியா? விதி போடுவதானால் அந்தக் கண்ணுக்கல்லவோ போட வேண்டும்!

ஆண்கள் மட்டும் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் வாலிபர்களைப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, இறுக்கிய கால்சட்டை, பூட்ஸ், சில இடங்களில் கழுத்தில் டை வேறு. பெண்ணுக்குக் கௌரவம் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. ஆணுக்குக் கௌரவம் லண்டனிலிருந்து வருகிறது! இரண்டும் வந்து சேருகிற இடம் மட்டும் ஒன்றுதான், வியர்வை.

வியர்வை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உடம்பின் சூட்டை 37 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ள இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை லேசில் உலர்வதில்லை. அதன்மேல் இரண்டு மூன்று அடுக்குத் துணியைப் போட்டு மூடினால் காற்றுக்கு வழி ஏது? கோட்டுக்குள் இருக்கிறவர் அடுப்பில் ஏற்றிய இட்டிலிதான். சென்ற 2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நம் மாகாணச் சர்க்காரே வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று சொல்லிவிட்டது. வெயில் ஆளைக் கொல்லும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகும், உடை விதிகள் மட்டும் பனி பெய்யும் தேசத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பது என்ன புத்தி?

தோழர்களே! இதன் வேர் எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும். 1930ஆம் வருஷம் டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார், ஆதி திராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. இவை அவற்றில் உள்ளவை. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். திருவாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட உரிமை பெறுவதற்கு 1859ஆம் வருஷம் ராஜா உத்தரவு வரவேண்டியிருந்தது. நம் தஞ்சைச் சீமையிலோ, மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாளின் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். அன்று "மூடாதே" என்றார்கள். இன்று "மூடு" என்கிறார்கள். வார்த்தைதான் மாறியிருக்கிறது. உடம்பு ஒருவருடையது, உத்தரவு இன்னொருவருடையது என்ற ஏற்பாடு மாறவில்லை. ஆகவேதான் இதைச் சுயமரியாதைப் பிரச்சினை என்கிறோம்.

சர்க்கார் என்ன செய்தது? 2014ஆம் வருஷம் ஜூலையில், சென்னையில் கிரிக்கெட் சங்கக் கிளப் ஒன்றில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. உடனே அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் என்று சட்டசபையில் சட்டம் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கிளப்புக்குப் போகும் நீதிபதியின் வேட்டிக்கு ஒரே மாதத்தில் சட்டம் வந்ததே, வேலைக்குப் போகும் பெண்ணின் சௌகரியத்துக்கு என்ன வந்தது? 2019ஆம் வருஷம் மே மாதத்தில் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. பெண்கள் புடவை, அல்லது துப்பட்டாவுடன் சல்வார், சுடிதார் அணிய வேண்டும். ஆண்கள் சட்டையுடன் கால்சட்டை அல்லது வேட்டி அணிய வேண்டும். கோர்ட்டுக்குப் போகும்போது ஆணுக்குக் கோட்டு. திறந்த கோட்டானால் டையும் வேண்டும். வேட்டி தமிழ்ப் பண்பாடு என்று சொன்ன அதே காகிதம், கோர்ட்டு வாசலில் அந்தத் தமிழனுக்குக் கோட்டை மாட்டிவிடுகிறது. துப்பட்டா இல்லாவிட்டால் எந்தப் பைல் நகராது, எந்தக் கணக்குத் தப்பும் என்று மட்டும் அதில் சொல்லவில்லை.

வக்கீல்கள் சங்கதி இன்னும் வேடிக்கை. வெயில் காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. ஆனால் ஹைக்கோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் கட்டாயம் என்பது வக்கீல் கவுன்சில் விதி. அப்படியானால் தஞ்சாவூர் ஜில்லாக் கோர்ட்டில் கோட்டில்லாமலே பிழைக்கும் நீதி, மதுரை ஹைக்கோர்ட்டில் மட்டும் கோட்டில்லாவிட்டால் செத்துப்போகுமா?

"ஒழுங்கே வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். பஸ் கண்டக்டரை ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நர்சின் உடை சுத்தமாயிருக்க வேண்டும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்கிறவன் உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும், அதை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. ஏனெனில் காரணம் வேலையில் இருக்கிறது, செலவு முதலாளி தலையில் இருக்கிறது. காரணத்தைச் சொல்ல முடியாதபோதுதான் "பண்பாடு" என்கிறார்கள்.

"பெண்களே புடவையைத்தானே விரும்புகிறார்கள்?" என்பது இன்னொரு சமாதானம். விரும்பினால் உடுத்தட்டும். விரும்பியே உடுத்துவார்களானால் உத்தரவு எதற்கு? உத்தரவு இருப்பதே, விரும்பாதவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி.

உலகத்தில் என்ன நடக்கிறது? ஜப்பானில் 2005ஆம் வருஷத்திலேயே சர்க்காரே முன்னின்று, கோடையில் கோட்டும் டையும் வேண்டாம், குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்று பிரசாரம் செய்தது. பிரான்சு தேசத்து நாந்த் நகரில் 2017ஆம் வருஷம் ஜூனில், அரைக்கால்சட்டை கூடாதென்றதனால் பஸ் டிரைவர்களான ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். பெண்ணுக்குக் காற்று நுழையும் உடை உண்டு, ஆணுக்குக் கூடாதா என்பது அவர்கள் கேள்வி. கம்பெனியார் இறங்கி வந்தார்கள். அங்கே அநியாயம் ஆணுக்கு, இங்கே பெரும்பாலும் பெண்ணுக்கு. நாம் இரண்டையும் எதிர்க்கிறோம்.

நம் நாட்டிலேயே, கடையில் வேலை செய்யும் பெண் உட்கார்ந்தால் வாடிக்கைக்காரருக்கு மரியாதைக் குறைவு என்று நாள் முழுவதும் நிற்க வைத்தார்கள். 2021ஆம் வருஷம் ஆசனம் கொடுத்தே தீரவேண்டுமென்று சட்டம் வந்தது. அதனால் எந்த வாடிக்கைக்காரர் ஓடிப்போனார்?

ஆகவே தோழர்களே, எந்த உடை விதியையும் நான்கு கேள்வி கேளுங்கள். இதற்குக் காரணம் வேலையில் இருக்கிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயமா? நம் வெயிலுக்கு ஏற்றதா? அணிகிறவரைக் கேட்டார்களா? நான்குக்கும் பதில் இருந்தால் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஒருவராய்க் கேட்டால் வேலை போகும் என்று பயமிருக்கும். பத்துப் பேராய்க் கேளுங்கள். பெண்கள் கோட்டைக் கழற்றக் கேட்கும்போது ஆண் உபாத்தியாயர்கள் பக்கத்தில் நில்லுங்கள். டையை அவிழ்க்கக் கேட்கும்போது பெண்கள் நில்லுங்கள்.

இங்கே கடை வைத்திருப்பவர்களும் பள்ளி நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றே சொல்லுகிறோம். நீங்கள் போட்ட விதிப்படி நீங்களே ஒரு வாரம் உடுத்திக்கொண்டு, விசிறி இல்லாத வகுப்பிலும் கடை வாசலிலும் நின்று பாருங்கள். அதன் பிறகும் அந்த விதி நியாயம் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள்.