பென்சிலும் ஒரு ஊழியமே
(பூதப்பாண்டியில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



நம் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையைச் சொன்னால் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் அவர்களை நினையாமல் இருக்க முடியாது. 1922-ல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் அவர் ஒருவர். அவ்வாண்டு பனிச்சரிவில் சுமை தூக்கிய 7 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தோடு இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக் கொண்டு தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே அறுவை மருத்துவருக்காகக் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு நம் மக்களுக்கே தம்மைக் கொடுத்தார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டில் சுமார் 28,000 அடி வரை ஏறினார்.

அவர் நல்ல ஓவியர் என்பது பலருக்குத் தெரியாது. திபெத்திலும் இமயத்திலும் போன இடமெல்லாம் படம் வரைந்தார். திபெத்தியர் பாடிய மெட்டுகளையும் குறித்துக்கொண்டார். பாட்டைக் குறிக்க வேண்டுமானால் பாடுகிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். படம் வரையவும் அப்படியே. அவசரக்காரனுக்கு இரண்டும் வராது.

இதை நாங்கள் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம். ஒரு கிராம முகாமில், வரிசையில் நின்ற ஒரு தாயாரைக் கேட்காமலே வரைந்தோம். அந்த அம்மா கவனித்துவிட்டார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று படம் நம் கையில் இருந்தது, நோயாளி போய்விட்டார். வெட்கத்தோடு அந்தத் தாளைக் கிழித்தோம்.

பிறகு ஒருமுறை, இங்கிருந்து கீரிப்பாறைப் பக்கம் போயிருந்தோம். வண்டியை நிறுத்தி வெகுநேரமாகியும் ஒருவரும் கிட்டே வரவில்லை. டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, எதிரே இருந்த மலையை வரையத் தொடங்கினோம். முதலில் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பின்னால், ரப்பர் பால் வெட்டுகிற பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"அந்தப் பாறைய விட்டுட்டீங்களே ஐயா" என்றார்.

"எந்தப் பாறை? நீங்களே காட்டுங்க" என்று பென்சிலை அவரிடம் நீட்டினோம். நடுங்கும் கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாறையில் தேன் எடுத்த கதையைச் சொன்னார். "உங்களை வரையட்டுமா?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே துண்டைச் சரிசெய்தார். காலை நீட்டியபோதுதான் துணி சுற்றியிருந்த புண் தெரிந்தது. சர்க்கரைப் புண். யாரிடமும் அவர் அதைக் காட்டியதில்லை.

அன்றே நம் வண்டியில் வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று, கால் தப்பியது. ஸ்தோத்திரம். அந்தப் படத்தை உங்களுக்குக் காட்ட முடியவில்லை. அது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரிய ஸ்திரீயிடம் முதலில் தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர் கேட்கிறவராக உட்கார்ந்தார். நாம் உதவி செய்யவே போகிறோம். ஆனால் போன இடத்தில் முதலில் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அன்று பெரியவரிடம் நாங்கள் ஒரு பாறையைக் கேட்டோம்.

அன்பானவர்களே, வண்டிக்கு டீசலும், கட்டுத்துணியும், மருந்தும் உங்கள் காணிக்கையால் வந்தவை. திண்ணையில் உட்கார்ந்த அந்த அரைமணி நேரமும் நீங்கள் தந்ததே. அதை வீண் என்று எண்ணாதிருங்கள்.

ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது பழத்தோடு ஒரு படநோட்டும் இரண்டு பென்சிலும் கொண்டு வாருங்கள். நோயாளிகளோடு வந்து வராந்தாவில் நாள்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. அவர்கள் பக்கத்தில் சற்று உட்காருங்கள். உங்களுக்கு வரையத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. அவர்கள் கற்றுத் தருவார்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.