குளியலறையைப் புதுப்பிக்கும் முன்



பாத்ரூமை இடிச்சுக் கட்டணும்னா நாம நேரா டைல்ஸ் கடைக்குத்தான் போவோம். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வீட்டிலேயே மூத்தவர் யார்? அவருக்கு ஏற்றபடி திட்டமிட்டால், எல்லோருக்கும் அது பொருந்தும்.

முதலில் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அதனால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்க. வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்க. சக்கர நாற்காலி தாராளமாகப் போக 900 மி.மீ. வழி வேண்டும்.

அடுத்து தரை. பளபளப்பான டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பானதையே கேட்டு வாங்குங்க. தண்ணீர் தேங்காமல் ஓட, மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன், நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு காய்ந்ததும், 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டிப் பாருங்க. கசிவு தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். ஒட்டிய பிறகு தெரிந்தால், உடைக்கத்தான் வேண்டும்.

கழிப்பிடத்தின் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி அவசியம். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. கம்பி வரும் இடத்தை முன்பே குறித்து, அங்கே குழாயோ வயரோ போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க.

கீசர் இணைப்புக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்புக் கருவியும் கட்டாயம்.

பணம் போதலைன்னா டைல்ஸ் விலையில் குறையுங்க, இவற்றில் குறைக்காதீங்க.