பிரைசனின் சங்கிலியும் பஞ்சிகாவத்தைத் துருவும்



மாளிகாவத்தையில் இந்த ஆய்வரங்குக்குத் தலைமை தாங்கச் சொன்னதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே வந்து பார்த்தால், என் எழுத்தில் பிழை கண்டுபிடித்தவர்களில் பாதிப்பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கையில் உள்ள தாள் கொஞ்சம் ஆடினால் மின்விசிறிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘கிரேக்க மெய்யியலும் நிலைபேறான வணிக அறமும்’ என்பது தலைப்பு. அரிஸ்டாட்டிலின் நடுவழி, ஸ்டோயிக்கரின் கடமை எல்லாம் உங்களுக்குப் பழகிய பாடம். அவற்றைக் கம்பனிகளின் வருடாந்த அறிக்கைக்குள் எப்படிப் பொருத்துவது என்று இன்றைய கட்டுரைகள் சொல்லும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ‘அரசியல்’ முதலாம் நூலில் அரிஸ்டாட்டில் வாங்கி விற்கும் வியாபாரத்தை இயற்கைக்கு மாறானது என்கிறார். வட்டியை அதிலும் கீழே வைக்கிறார். கூப்பிடு தூரத்திலுள்ள உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தைக்கு அவரைக் கூட்டிப்போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புவார்.

நம்மிடையே கிரேக்கம் எப்படி வந்தது? தனிநாயகம் அடிகள் தமிழர் அறத்தை ஸ்டோயிக்கரோடு ஒப்பிட்டார். கைலாசபதி 1968இல் வெளிவந்த ஆங்கில நூலில் சங்கப் பாட்டைக் கிரேக்க வீரயுகப் பாடலோடு வைத்துப் பார்த்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் வீரனும் ஞானியும் வந்த வழியில் கடைக்காரன் வரவில்லை. அவன் அரபு வழியாக வந்தான்.

பிரைசனைச் சொல்கிறேன். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வீட்டு நிர்வாகம் பற்றி எழுதியவர் என்று கணிக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் சில துண்டுகளே மிஞ்சின. முழு நூல் அரபு மொழிபெயர்ப்பில் பிழைத்தது. பிளெஸ்னர் 1928இல் ஜெர்மனியிலும், சைமன் ஸ்வெய்ன் 2013இல் கேம்பிரிஜ்ஜிலும் பதிப்பித்தார்கள். பிள்ளை வளர்ப்புப் பகுதியை மெய்யியலாளர் மிஸ்கவைஹி பிரைசனின் பெயரைச் சொல்லியே எடுத்தாண்டார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி பெயர் சொல்லாமல் அதைத் தன் ‘இஹ்யா’ நூலில் சேர்த்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைக்குச் சாப்பாட்டு ஒழுக்கம் சொன்னபோது, அதில் ஒரு கிரேக்கனின் குரலும் கலந்திருந்தது.

இஹ்யாவின் பொருளீட்டல் அத்தியாயமும் பிரைசனிடமிருந்து வந்ததென்று பல வருடங்களுக்கு முன் எழுதினேன். அது பிழை. நண்பர் ஒருவர் அச்சிலேயே திருத்தினார், அவருக்கு நன்றி. ஆனால் அதே மூச்சில் ‘பிரைசன் வெறும் அடிக்குறிப்பு’ என்றும் எழுதினார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு மைக் என் கையில்.

உழுகிறவனுக்குத் தச்சன் வேண்டும், தச்சனுக்குக் கொல்லன் வேண்டும், கொல்லனுக்குச் சுரங்கக்காரன் வேண்டும். தொழில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட சங்கிலி வளையங்கள் என்கிறார் பிரைசன். இன்று ‘வழங்கல் சங்கிலி’ என்று ஆயிரம் டொலர் கொடுத்துப் பயிற்சி எடுக்கிறோம். சம்பாதிக்கும்போது அநீதி, இழிவு, அற்பத்தனம் மூன்றையும் விலக்கு என்கிறார். சரக்கைச் சீக்கிரம் விற்றுவிடு, நிலத்தை மட்டும் அவசரப்பட்டு விற்காதே என்கிறார். கொழும்பில் பேர்ச்சஸ் கணக்கில் காணி கைமாறும் வேகத்தைப் பார்க்கிற நமக்கு இது அடிக்குறிப்பா?

போன மாதம் என் பழைய காருக்கு ஓல்டனேட்டர் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்கார நானா மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் அடியில் துரு. கேட்பதற்கு முன்பே கவிழ்த்துக் காட்டி, “இது ஆறு மாசம் ஓடும், அதுக்கு மேல நான் பொறுப்பில்ல சேர்” என்றார். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தத் தெரு உதிரிப்பாகங்களால்தானே நாட்டின் சக்கரங்கள் பல உருண்டன. ஒரு பொருளின் ஆயுளை நீட்டுவதுதான் நிலைபேறு என்றால், அந்தச் சொல் தெரியாமலே அதைச் செய்கிறவர்கள் இவர்கள். எல்லாரும் கவிழ்த்துக் காட்டுவார்கள் என்று சொல்லவில்லை, நானும் ஏமாந்திருக்கிறேன்.

சரக்கின் குறையை விற்பவன் தானாகச் சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக்கரான பாபிலோன் தியோஜெனெஸ், சட்டம் கேட்டதைச் சொன்னால் போதும் என்றார். அவருடைய மாணவர் அந்திபாதர், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றார். சிசரோ பதிந்து வைத்த வழக்கு இது. கஸ்ஸாலி, மறைவான குறையையும் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்திபாதர் பக்கம் நிற்கிறார். கஸ்ஸாலி அந்திபாதரை வாசித்ததற்குச் சான்றில்லை. இந்த முறை நான் கவனமாகத்தான் பேசுகிறேன்.

முதல் அமர்வில் அரிஸ்டாட்டில் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள் இருக்கின்றன. நேரமாகிவிட்டது என்று செயலாளர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். அந்த மூவரிடமும் ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன்: உங்கள் கட்டுரையில் அந்த ஓல்டனேட்டரை யார் கவிழ்த்துக் காட்டுகிறார்?