உளுந்து வேரின் அழைப்பு



உளுந்துச் செடி சற்று வெளிறினால் உடனே யூரியாவைத் தேடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்த யூரியா வேரில் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளேன்.

கத்தரிக்காய்த் தோலின் ஊதா நிறமும், சோளத் தாளில் பூசணம் தாக்கிய இடத்தில் தோன்றும் செந்நிறமும் பிளேவனாய்டுகள் என்னும் பொருள்களால் வருபவை. செடிகள் இவற்றைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. சோளத்தில் இவை பூசணத்தை எதிர்த்து நிற்கின்றன. பயறு வகைகளிலோ இவற்றின் முக்கியமான வேலை மண்ணுக்குள் நடக்கிறது.

காற்றில் ஏறத்தாழ 78 சதம் நைட்ரஜன்தான். செடியால் அதை நேராக எடுக்க முடியாது. ரைசோபியம் என்ற நுண்ணுயிரியின் துணை வேண்டும். மண்ணில் எத்தனையோ நுண்ணுயிர்கள் இருக்க, தனக்கு வேண்டியதை உளுந்து எப்படி அழைக்கிறது? இளம் வேர் பிளேவனாய்டைக் கசிய விடுகிறது. அது பட்டதும் ரைசோபியம் மறுமொழியாக வேறொரு பொருளைச் சுரக்கிறது. அதை உணர்ந்து வேர் இடம் கொடுக்க, நுண்ணுயிரி உள்ளே புகுந்து முடிச்சு உண்டாகிறது. குதிரை மசாலில் இவ்வாறு அழைப்பது லூட்டியோலின் என்று 1986-இல் கண்டறிந்தார்கள். சோயாவில் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்பவை அழைக்கின்றன. பயிருக்குப் பயிர் அழைப்பும் வேறு, அதற்குச் செவி சாய்க்கும் ரைசோபியமும் வேறு. உளுந்துக்கான பொட்டலத்தைச் சோயாவில் கலந்துவிட்டு முடிச்சு வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

இனி யூரியாவுக்கு வருவோம். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி தன் அழைப்பைக் குறைத்துக் கொள்கிறது. குதிரில் நெல் நிறைந்திருக்கும்போது யார் கடைக்குப் போவார்கள்? புதிய முடிச்சுகள் குறைகின்றன. இருக்கும் முடிச்சுகளும் சோம்பிவிடுகின்றன. இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துக் கெடுத்துக் கொள்கிறோம். இறவை உளுந்துக்கு எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து அடியுரமாகப் போதும். மானாவாரிக்கு அதில் பாதி. மேலும், இலை மஞ்சளாவதெல்லாம் தழைச்சத்துக் குறைவல்ல. மஞ்சள் தேமல் நோய்க்கு யூரியா மருந்தாகாது.

ஓர் எக்டருக்கான விதையுடன் 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் மூன்றினை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துக் கலந்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். பூசண மருந்து கலப்பதானால் 24 மணி நேரம் முன்னதாகவே கலந்துவிடுங்கள்.

விதைத்த முப்பதாம் நாள் வாக்கில் நாலைந்து செடிகளைப் பாருங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து நீரில் அலசுங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம். முடிச்சே காணோமென்றால், அடுத்த முறை பொட்டலம் வாங்கும்போது காலாவதித் தேதியையும், அது எந்தப் பயிருக்கு உரியது என்பதையும் பார்த்து வாங்குங்கள்.