நான்காவது கதவு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



உத்தியோகம் தேடுவோருக்கு நாலு வார்த்தை சொல்லும்படி செயலாளர் பணித்தார். புத்தி சொல்லும் தகுதி நமக்குண்டோ என்பது ஐயமே. ஒரு கொழும்புக் கம்பனியின் நான்கு கதவுகளுள் மூன்றைக் கடந்து, நான்காவதில் நின்றுவிட்டவர் நாம். ஆயினும் உள்ளே எட்டிப் பார்த்தவன் சொல்வதைக் கேட்பதில் நட்டமில்லை.

நம் பாட்டனார் காலத்தில் தோட்டத்திலே பெயர் பதியக் கங்காணியாரின் ஒரு சொல் போதும். இன்று அப்படியன்று. முதலில் விண்ணப்பத்தை வாசித்தே பலரைக் கழித்துவிடுகிறார்கள். பிறகு கணினியில் ஒரு பரீட்சை. அடுத்துப் பலரை ஒரே மேசையைச் சுற்றி இருத்திப் பேச வைப்பார்கள். கடைசியாகத்தான் முகாமையாளர் முன் நேர்முகம். கூட்டமாகப் பேச வைத்துப் பார்க்கும் வழக்கம் பட்டாளத்தோடு சேர்ந்தது. 1942ஆம் ஆண்டு பிரித்தானிய இராணுவம் அதிகாரிகளைத் தெரிந்தெடுக்க இவ்வாறு செய்தது. போருக்குப் பின் அரசாங்கங்களும் கம்பனிகளும் பின்பற்றின. இந்தியப் படைகளில் இன்றும் ஐந்து நாள் இருத்திப் பார்க்கிறார்கள். இத்தனை கதவுகள் வேண்டுமா என்று கேட்கலாம். கூகிள் கம்பனி தன் பழைய பதிவுகளை ஆராய்ந்து, நான்கு பேர் கண்டு பேசினால் 86 வீத நம்பிக்கையோடு தீர்மானிக்கலாம், ஐந்தாமவரால் பெரிய பயனில்லை என்று கண்டது. நம்மைக் கூப்பிட்ட கம்பனிக்கும் நான்கிலே திருப்தி வந்தது நம் பஸ் காசுக்கு நல்லதாயிற்று!

மடவளையிலிருந்து விடியற்காலை பஸ், கண்டியிலிருந்து புகையிரதம், காலிலே மைத்துனரின் சப்பாத்து. இப்படி மூன்று தடவை போனோம். கணினிப் பரீட்சையில் தேறினோம். மேசைப் பேச்சில் நம்மோடிருந்தவர்களுள் உரக்கப் பேசியவர் இருவர். அவ்விருவரும் அடுத்த சுற்றுக்கு வரவில்லை. பிறர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னவர்களே வந்தார்கள்.

நான்காவது கதவில் ஓர் அம்மையார், முகமலர்ச்சியோடு, தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டார். நம் தகப்பனார் கவ்வாத்து வெட்டுபவர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தேயிலை வியாபாரம் என்றோம். அப்படியா, கொழும்பு ஏலத்தில் எந்தத் தரகர் மூலம் விற்கிறீர்கள் என்றார் அவர், மெய்யான ஆவலோடு. நமக்கு ஒரு தரகர் பெயரும் தெரியாது. அதன்பின் தெரிந்த கேள்விகளுக்கும் நாக்குத் தடுமாறிற்று. கடிதம் வரவில்லை. அதுதான் காரணமா என்று நாம் அறியோம். கணக்கு ஒன்றையும் அரைகுறையாகச் செய்திருந்தோம். இரவு வீடு வந்ததும் தகப்பனார் சோற்றைப் போட்டுவிட்டு, என்ன கேட்டார்கள் என்றார். கணினியைப் பற்றித்தான் என்றோம்.

கடைசிக் கதவில் திரும்பியவர்கள் பெரியோரிலும் உண்டு. அரவிந்தர் 1890இல் இந்திய சிவில் சேவிஸ் எழுத்துப் பரீட்சையில் தேறியும், குதிரையேற்றப் பரீட்சை கொடாமையால் 1892இல் தள்ளப்பட்டார். அவர் வேண்டுமென்றே விட்டவர். நம் கதை வேறு.

நமக்கு நெருங்கியவர் கணிதமேதை இராமானுஜன். எப். ஏ. பரீட்சையில் தவறியவர், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருக்கோவிலூரில் இராமசுவாமி ஐயர், பின்னர் சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் என்று ஒருவர் அனுப்ப மற்றொருவரிடம் போனார். 1912 பெப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதினார். தவறிவிட்டேன் என்று அதில் எழுதவில்லை, எப். ஏ. வரை படித்தேன், சில இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை என்ற கருத்தில் எழுதினார். முழுவதையும் கொட்டவுமில்லை, இல்லாததைப் புனையவுமில்லை. மாதம் 30 ரூபாய்க் கிளார்க் வேலை கிடைத்தது. இந்த ஒரு வாக்கியத்தை நாம் முன்னமே அறிந்திருந்தால், தகப்பனார் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்ற நான்கு சொல்லோடு அந்த அம்மையாருக்குப் பதில் முடிந்திருக்கும்.

இன்னொன்று, சிறியது, ஆனால் நம்மவரைப் பெரிதும் வருத்துவது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் மூன்றாவது எழுத்து என்றிருக்கிறது. கம்பனிக்காரர் ஒப்பிட்டுப் பார்ப்பது கடைசிச் சுற்றில்; அப்பொழுது பிரதேச செயலகத்துக்கு ஓடி என்ன செய்வது? இன்றே மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாயும், பாடசாலையில் ஆசிரியராயும், கடை முதலாளியாயும் இருந்து பலரைக் கண்டு பேசியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிறு மாலை நீங்கள் மேசைக்கு அப்புறம் இருக்க, இளைஞர்கள் இப்புறம் இருந்து பதில் சொல்லிப் பழகட்டும். தகப்பனார் என்ன செய்கிறார் என்ற கேள்வியை முதலாவதாகக் கேளுங்கள். வர விரும்புவோர் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம். நம் பெயரை முதலில் எழுதிவிட்டோம்.