கற்க வந்த விருந்தினர்

மைசூர் நகரின் வடமேற்கு ஓரத்தில் ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ஓர் ஏரி உண்டு. பெரிய தொழிற்பேட்டை உண்டு. கணினித் துறையில் பேர்பெற்ற இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி நிலையமும் உண்டு. கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் அங்கே வந்து தங்கிப் பயில்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் பலர். தொழில் கற்க வருகிறார்கள். கற்றுக்கொண்டு பிழைப்பைத் தேடிப் போகிறார்கள். அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும், இதே மைசூருக்கு வேறொரு கல்வியை நாடிக் கடல் கடந்து வந்தவர்களும் உண்டு. தம் நாட்டில் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் அவ்வுரிமையைப் பெறும் வழி யாது, அவ்வழியில் துணை வருவார் யாவர் என்று தேடி வந்தவர்கள் அவர்கள். அத்தகைய யாத்திரைகளைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

மக்களாட்சிக்காகப் பாடுபடும் இளைஞர்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அழைத்துச் சென்று பழக்குவது இந்நாளில் பரவலாகிவிட்டது. இரண்டு வாரம் பயணம், பாராளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தல், நான்கு சொற்பொழிவுகள், முடிவில் வரிசையாக நின்று ஒரு புகைப்படம். இவற்றால் விளைவது என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். விடை காண வேண்டுமானால், விளைவு தெரிந்துவிட்ட பழைய யாத்திரைகளை எடுத்துப் பார்ப்பது நலம்.

1935ஆம் ஆண்டு அக்டோபரில் கறுப்பின அமெரிக்கர் நால்வர் கொழும்பு வந்திறங்கினர். ஹோவர்டு தர்மன் என்னும் சமயப் பேராசிரியர், அவருடைய துணைவியார் சூ பெய்லி தர்மன், எட்வர்டு கரோல், அவர் துணைவியார் ஃபீனோலா கரோல் ஆகியோரே அந்நால்வர். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் அவர்களை வரவழைத்திருந்தது. கொழும்புச் சட்டக் கல்லூரியில் தர்மன் உரையாற்றி முடித்த பின், அங்கிருந்த ஒருவர் அவரைத் தனியே கண்டு, ‘உங்கள் மக்களைக் கப்பலேற்றி அடிமைகளாக விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றும் உங்களை மரத்தில் தூக்கிலிடுகிறவர்கள் கிறிஸ்தவர்கள், அப்படியிருக்க அந்தச் சமயத்தின் பெயரால் நீங்கள் இங்கே வந்திருப்பது நிறத்தால் ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவருக்கும் செய்யும் துரோகம் அன்றோ?’ என்ற கருத்துப்படக் கேட்டார். விருந்தினரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நம்மில் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆனால் தர்மன் அதை மறக்கவில்லை. இயேசுவின் நெறி வேறு, அவர் பெயரால் ஆதிக்கம் செய்வோரின் சமயம் வேறு என்று அன்று அவர் கூறிய விடையே பிற்காலத்தில் விரிந்து, 1949இல் ஒரு நூலாக வெளிவந்தது. கொழும்பில் கேட்கப்பட்ட ஒரு கடுமையான வினாவுக்கு அமெரிக்காவில் எழுதப்பட்ட விடை என்று அந்நூலைச் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தனர். கற்க வந்தவர்களுக்கு அடிகள் உடனே போதிக்கத் தொடங்கிவிடவில்லை. அடிமை முறை எப்படி நடந்தது, வாக்குரிமை எந்த அளவில் இருக்கிறது, கும்பலாகக் கூடிக் கொலை செய்யும் கொடுமை ஏன் நிற்கவில்லை என்று அவர்தாம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அகிம்சையின் கலப்பற்ற செய்தி கறுப்பின மக்களின் வாயிலாகவே உலகுக்குக் கிடைக்கவும் கூடும் என்று முடிவில் குறிப்பிட்டார். ஆசிரியர் மாணவராகவும், மாணவர் ஆசிரியராகவும் மாறி அமர்ந்த காட்சி அது.

இனி மைசூருக்கு வருவோம். 1937 ஜனவரியில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உலக மாநாடு இந்நகரில் கூடியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சி செய்த காலம் அது. அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளுள் பெஞ்சமின் மேஸ் ஒருவர். சானிங் டோபியாஸ் மற்றொருவர். இருவரும் கறுப்பினத்தவர். மேஸ் அப்போது ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சமயக் கல்லூரித் தலைவர். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. இளைஞர் என்று அவரைச் சொல்வதற்கில்லை; ஆயினும் இளைஞர்களை உருவாக்கப் போகிறவர் என்பதால் இந்த வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு.

மாநாட்டுக்கு வந்திருந்த அமெரிக்கர் பலருள், தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் மேஸ் அவர்களையே தேர்ந்தெடுத்துத் தம் பள்ளிக்கு அழைத்தார். கறுப்பினத்தவர் ஒருவர் வேண்டும் என்பதே அவர் கருத்து. உணவளித்து உபசரித்த பின் பிள்ளைகளுக்கு விருந்தினரை அறிமுகம் செய்து வைக்கையில், ‘இவர் சிறப்பு எய்திய ஒரு தீண்டத்தகாதவர்’ என்று அந்த ஆசிரியர் சொன்னார். நம் நாட்டில் சாதியினரிடம் நீங்கள் படும் அவமானங்களையெல்லாம் இவர் தம் நாட்டில் வெள்ளையரிடம் பட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் உயர்ந்திருக்கும்போது நீங்களும் உயர முடியும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

மேஸ் திகைத்தார், சினமும் கொண்டார். பல்கலைக்கழகத்தில் தலைமைப் பதவி வகிப்பவர், டாக்டர் பட்டம் பெற்றவர், அயல்நாட்டுப் பிரதிநிதியாக வந்தவர். அவரைப் பார்த்து இப்படி ஒரு சொல்லா? ஆனால் அச்சினம் நெடுநேரம் நிற்கவில்லை. தாம் பிறந்த தென் கரோலினாவை எண்ணிப் பார்த்தார். அங்கே தமக்குத் தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய். தாம் உண்மையில் தம் நாட்டில் தீண்டத்தகாதவரே என்பதை அந்த மைசூர்ப் பள்ளியில்தான் என்றுமில்லாத தெளிவோடு உணர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார்.

அயலாருக்கு நம் ஊரைக் காட்டுவோர் பெரும்பாலும் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் காட்டி, வயிறார உணவிட்டு அனுப்பிவிடுகிறோம். அவ்வாசிரியரோ தம் ஊரின் புண்ணைத் திறந்து காட்டினார். அதோடு நில்லாமல், வந்தவருடைய புண்ணையும் அவருக்கே காட்டினார். ஒரு நாட்டின் துன்பத்தை மற்றொரு நாட்டார் இரக்கத்தோடு பார்ப்பது வேறு. இரண்டும் ஒரே நோய் என்று கண்டுகொள்வது வேறு. இரக்கத்திலிருந்து தருமம் பிறக்கலாம். தோழமை பிறப்பது அந்தக் கண்டுகொள்ளலில்தான் என்று நாம் நினைக்கிறோம்.

அந்தப் பயணத்திலேயே மேஸ் காந்தியடிகளையும் கண்டு ஒன்றரை மணி நேரம் உரையாடினார். தீண்டாமையோடு போரிடும் நீங்கள் சாதி முறையோடு ஏன் போர் தொடுக்கவில்லை என்று கேட்டார். தொழில் வழியான பிரிவு என்ற முறையில் அடிகள் அன்று அளித்த விளக்கம் எல்லார்க்கும் ஏற்புடையதன்று. சாதியையே ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் தம் புகழ்பெற்ற உரையை அச்சிட்டது அதற்கு முந்திய 1936ஆம் ஆண்டில்தான். அதே அம்பேத்கர் 1946இல், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியொன்றை வேண்டி டு பாய்ஸ் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸும் பரிவோடு விடை எழுதினார். பயணச் செலவின்றி அஞ்சல் தலைச் செலவிலேயே ஏற்பட்ட உறவு அது.

மேஸ் தாயகம் திரும்பி, 1940இல் அட்லாண்டா நகரில் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவரானார். 1944இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அக்கல்லூரியில் சேர்ந்தான். மார்ட்டின் லூதர் கிங் என்பது அவன் பெயர். மேஸ் அவர்களின் சொற்பொழிவுகளைக் கேட்டே அவன் வளர்ந்தான்; அவரையே தன் ஆசானாகக் கொண்டான்.

கிங் 1959இல், தம் முப்பதாம் வயதில், காந்தி நினைவு நிதியின் அழைப்பை ஏற்று ஏறத்தாழ ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றி வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் அதன் தலைவர் அவரை, ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் மனம் சுருக்கென்றதையும், பின்னர் ஆம், நான் அவ்வாறே என்று ஒப்புக்கொண்டதையும் 1965இல் அட்லாண்டா தேவாலயத்தில் கிங் எடுத்துரைத்தார். ஆசானுக்கு மைசூரில் கிடைத்த பாடம் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாணவருக்கு மலையாள நாட்டில் கிடைத்தது.

இன்னும் ஒருவரைச் சொல்லவேண்டும். கொரியப் போருக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்ற ஜேம்ஸ் லாசன் என்னும் இளைஞர் 1953இல் நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் பணி செய்தபடியே அறப்போர் முறையைக் கற்றார். மாண்ட்காமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை நாகபுரியில், செய்தித்தாளில்தான் படித்தார். 1956இல் திரும்பினார். நாஷ்வில் நகர மாணவர்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி அளித்தார். சிலர் அடிப்பவராகவும், எச்சில் உமிழ்பவராகவும் நடிப்பார்கள். மற்றவர் கை ஓங்காமல் பொறுத்திருக்கப் பழக வேண்டும். 1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றுண்டி இடங்களில் போய் அமர்ந்தார்கள். அடியும் பட்டார்கள், சிறையும் கண்டார்கள். மே 10ஆம் நாள் அந்நகரக் கடைகள் சில தம் சிற்றுண்டிப் பகுதிகளை எல்லார்க்கும் திறந்துவிட்டன. நம் ஊர் உணவு விடுதிகளிலும் ஒரு காலத்தில் சாதிக்குத் தனி இடம் இருந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த இருக்கையின் விலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. லாசன் இரண்டு வாரச் சுற்றுலா வரவில்லை. மூன்று ஆண்டு தங்கி ஒரு வேலையும் செய்தார் என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றொரு பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதற்கும் மைசூரிலேயே சான்று இருக்கிறது. ஹெப்பாளிலிருந்து அதிகத் தொலைவில்லாமல், ஹுன்சூர் சாலையில் யெல்வால் என்னும் ஊர் இருக்கிறது. 1957 செப்டம்பரில் வினோபா பாவே, பண்டித நேரு முதலியோர் கிராமதானத்தைப் பற்றி ஆராயக் கூடியது அவ்வூரில்தான். பின்னர் அங்கே உலக இளைஞர் பேரவை என்னும் அமைப்பு ‘ஆலோகா’ என்ற பயிற்சி நிலையத்தை நடத்தியது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இளந்தலைவர்கள் வந்து தங்கிப் பயின்றனர். விடுதலை பெற்ற, பெறப்போகும் நாடுகளின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி விவாதித்தது சிறிய காரியமன்று.

ஆனால் 1967இல் அமெரிக்காவில் ஓர் உண்மை வெளிவந்தது. அந்நாட்டு மத்திய உளவு நிறுவனம் மாணவர், இளைஞர் அமைப்புகள் பலவற்றுக்கு அறநிலையங்களின் பெயரில் மறைவாகப் பணம் தந்து வந்தது. உலக இளைஞர் பேரவையும் அவ்வாறு பணம் பெற்ற ஒன்று. எதிர்ப்பக்கத்தில், 1945இல் தோன்றிய ஜனநாயக இளைஞர் உலகக் கூட்டமைப்புக்குச் சோவியத் அரசின் ஆதரவு இருந்தது. அது பெரிய இரகசியமுமன்று. யெல்வாலில் பயின்ற இளைஞர்கள் எல்லாம் உளவாளிகள் என்று பேசுவது அநீதி. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒன்றும் அறியாதவர். கற்றது மெய்யாகவே கற்றனர். எனினும் தீங்கு அவர்களையே சார்ந்தது. மக்களாட்சியைப் பற்றிப் பேசிய மேடைக்கு மறைவில் பணம் வந்தது என்று தெரிந்த பின், நாடு திரும்பிய ஒருவரைப் பார்த்து அவருடைய ஊர்க்காரர், ‘உன்னை அனுப்பியவர் யார்?’ என்று கேட்டால், அவரால் எந்த விடையைத் தர முடியும்? அவர் அறிந்த விடையே பொய்யாகிவிட்டதே! கொடுங்கோல் ஆட்சி நடக்கும் நாடுகளில் இத்தகைய ஐயமே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானது.

ஆதலின், பயணம் போகும் இளைஞர் முதலில் கேட்கவேண்டியது வழிச்செலவு யாருடையது என்பதையே. அழைப்பவரும் கேட்கப்படுவதற்கு முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதாக, எங்கே அழைத்துப் போகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மைசூருக்கு ஒரு குழு வருவதாக வைத்துக்கொள்வோம். ஹெப்பாளின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கட்டும். அரண்மனை விளக்குகளையும் பார்க்கட்டும். ஒரு பிற்பகலை மட்டும் ஒதுக்கி, நகரைத் தாண்டியுள்ள ஒரு கிராமப் பள்ளிக்கு அவர்களை அழைத்துச் சென்று, தரையில் அமர வைத்து, அவர்கள் நாட்டில் யார் யாரோடு சேர்ந்து உண்பதில்லை, யாருக்கு வாக்கு இல்லை, யாரைக் காவலர் அடிக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்கட்டும். அவர்கள் திருப்பிக் கேட்கும்போது, நம் ஆசிரியர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றாமல் இருக்கட்டும்.