கூடைக்கயிற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

தலை வலித்தால் கூடைக்கயிறு இழுத்தது என்போம். சித்தாலேப பூசி, பனடோல் போட்டு மலைக்குப் போவோம். பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஆனால் 50 வயது தாண்டியவருக்கு, அதிலும் லயத்தில் இருக்கும் நம் பாட்டிமாருக்கு, நெற்றிப்பொட்டில் புதிதாக வலி வந்து, சீப்பு பட்டாலே தலை நோகிறதா? வெற்றிலை மெல்லும்போது தாடை கடுக்கிறதா? அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். டொக்டர்மார் 'ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்' என்பார்கள். நம் மக்களிடம் அரிதுதான். என்றாலும் கண்ணுக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டுப் பார்வை போனால், பெரும்பாலும் திரும்பி வராது.

இந்த அறிகுறிகள் இருந்தால் அன்றே டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவோம். டிஸ்பென்சரியோடு நிற்க வேண்டாம். இரத்தம் சோதிப்பார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் பிரெட்னிசலோன் தொடங்குவார்கள். சில நாளிலேயே வலி குறையும். அதை நம்பிக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. மாதக்கணக்கில் டொக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். சீனி, பிரஷர் ஏறலாம், எலும்பும் பலவீனமாகலாம். கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

கூட்டிப் போகிறவருக்கு அன்றைய பேர் போகும், தெரியும். அதைத் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், துரையிடம் நாம் பேசுவோம். கண் திடீரென மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ விடியும்வரை இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.